செம்மறிப் பட்டிக்குச் சோலார் மின்வேலி: கொறங்காட்டில் போட்டுப் பார்த்தது

வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம் சுற்றுவட்டாரத்தில் ஆடு வைத்திருக்கும் யாரும் எதற்காக வேலி பற்றி எழுதுகிறாய் என்று கேட்க மாட்டார்கள். ராத்திரியில் நாய்கள் பட்டிக்குள் இறங்கிவிட்டால் விடியும்போது என்ன கிடக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என் நாலு ஏக்கர் கொறங்காட்டை (மேய்ச்சலுக்கென்றே விட்ட மானாவாரி நிலம்) சுற்றித் தாத்தா காலத்துக் கிளுவை மர உயிர்வேலி இருக்கிறது. மாடு தாண்டாது, ஆடும் பெரும்பாலும் தாண்டாது, ஆனால் பட்டுப்போன கிளுவைக்கு இடையில் ஒரு சாண் சந்து கிடைத்தால் நாய்க்கு அது போதும். ஒரே ராத்திரியில் ஏழு மேச்சேரி இனச் செம்மறிகளைப் பறிகொடுத்த பிறகுதான் கிளுவைக்கு உள்பக்கமாக மின்வேலி போட்டேன். முதல் தடவை தப்பாகப் போட்டு, ஆறு மாதம் கழித்து அதைப் பிரித்து மறுபடியும் போட வேண்டியதாயிற்று. இரண்டு தடவையும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈபி லைனைத் தொடவே தொடாதீர்கள்

மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள். மோட்டார் ரூமிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒரு வயரை இழுத்து நேராகக் கம்பியில் மாட்டினால் அது ஆளைக் கொல்லும். 230 வோல்ட் கரண்ட் இடைவிடாமல் ஓடுவது, தொட்டவுடன் கை இறுகிக் கம்பியையே பிடித்துக்கொள்ளும், விடுவிக்க முடியாது. பேட்டரி கரண்டைத் துடிப்புத் துடிப்பாகக் கம்பிக்கு அனுப்புகிற வேலி மெஷினில் 7,000, 8,000 வோல்ட் என்று காட்டினாலும் அது உயிரை எடுக்காததற்குக் காரணம், அது விட்டு விட்டு அடிப்பதுதான். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில பங்குக்கும் குறைவான நேரம்தான் ஒரு அடி, அடுத்த அடி வருவதற்குள் ஏறக்குறைய ஒரு நொடி இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் ஆடோ நாயோ ஆளோ உதறிக்கொண்டு விலகுகிறது. பன்றிக்கு வைத்த திருட்டு லைனில் வைத்தவரே போய் மாட்டிக்கொண்டு செத்த செய்தி நம் மாநிலத்தில் ஒன்றிரண்டு அல்ல.

2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கத்தில் இப்படி ஒரு சட்டவிரோத வேலியில் மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்து முறைப்படுத்த அரசு விதிகளைக் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட காட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் உங்கள் நிலம் இருந்தால், சோலார் வேலியாகவே இருந்தாலும் வனத்துறை அனுமதி வாங்காமல் போடக்கூடாது, ஏற்கெனவே போட்டிருந்தால் பதிவு செய்ய வேண்டும். அப்புறம், சோலார் வேலிக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக மானியம் கொடுத்து வந்திருக்கிறார்கள், கம்பி வாங்குவதற்கு முன்பே அந்த அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

எந்த மெஷின்

கடையில் போய்க் கேட்டால் இது 10 ஏக்கர் மெஷின், இது 40 ஏக்கர் மெஷின் என்பார்கள். ஏக்கர் கணக்கை விட்டுவிட்டு, வெளியே வரும் சக்தி எத்தனை ஜூல் என்று கேளுங்கள். உள்ளே தேங்கும் ஜூல் வேறு, கம்பிக்குப் போகும் ஜூல் வேறு, பெட்டியில் பெரிய எண்ணாக எழுதியிருப்பது பல சமயம் முதலாவதாக இருக்கும். நாலைந்து ஏக்கர் பட்டிக்கு, புல்லில் கொஞ்சம் கசிந்தாலும் தாங்குகிற மாதிரி வெளியே 2 முதல் 3 ஜூல் வருவது போதும். 5 ஜூலுக்கு மேல் இந்தியத் தரம் அனுமதிக்கவே இல்லை. ஐஎஸ் 302-2-76 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த எண்ணும் இல்லாமல், யாரோ ஒரு பெட்டிக்குள் சர்க்யூட்டை வைத்து ஒட்டிக் கொடுத்த மெஷின் விலை குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் அதில் துடிப்பை அளந்து விடுகிற பாகம் பழுதானால் என்ன நடக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. குழந்தைகள் ஓடுகிற இடத்தில் அந்தத் துணிச்சல் வேண்டாம்.

பேட்டரி, பேனல் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், கடைக்காரர் போட்டுத் தர மாட்டார். மெஷின் 12 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி. ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் வெயிலே வராமல் போகலாம், அதற்கு 22 ஆம்பியர் மணி வேண்டும், லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் 45 ஆம்பியர் மணிக்குக் குறையாமல் வாங்குங்கள். பேனல் 40 வாட் இருந்தால் நிம்மதி. பழைய கார் பேட்டரியை மாட்டாதீர்கள், அது ஒரு நிமிஷம் பலமாக இழுத்து ஸ்டார்ட் செய்வதற்காகச் செய்தது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை அது தாங்காது. சோலார் இன்வெர்ட்டருக்குப் போடுகிற வகையை வாங்குங்கள்.

பாதி வேலி மண்ணுக்குள் இருக்கிறது

நான் முதல் தடவை தப்பு செய்தது இங்கேதான், என் பக்கத்துக் காட்டுக்காரர்களில் பாதிப்பேர் செய்கிற தப்பும் இதுதான். கம்பிக்கும் மெஷினுக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, எர்த்துக்கு மூன்றடி ராடு ஒன்றை, மெஷின் இருக்கிற சாளை (காட்டுக் குடிசை) ஓரமாக அடித்து முடித்துவிட்டேன். கார்த்திகையில் போட்ட வேலி அருமையாக வேலை செய்தது, நாய் தொட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடியதை நானே பார்த்தேன். சித்திரையில் பார்த்தால் கிடாய் ஒன்று கம்பிக்கு நடுவில் தலையை விட்டு அந்தப் பக்கத்துக் கொழுக்கட்டைப்புல்லைச் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கிறது. மீட்டரை வைத்தால் 7,000 காட்டுகிறது. மெஷின் பழுது என்று நினைத்து அதைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன், மெஷினில் ஒன்றுமே இல்லை.

நடப்பது இதுதான். மெஷினிலிருந்து கம்பி வழியாகப் போகிற கரண்ட், ஆட்டின் உடம்பு வழியாகக் காலுக்கு இறங்கி, மண் வழியாக எர்த் ராடுக்குத் திரும்பி மெஷினுக்கு வந்து சேர்ந்தால்தான் அடி விழும். கம்பியில் உட்கார்ந்த குருவிக்கு ஒன்றும் ஆகாததும் இதனால்தான். நம்முடைய செம்மண் சரளை சித்திரை வைகாசியில் ஓடு மாதிரிக் காய்ந்துவிடும், ஆட்டுக் குளம்பும் காய்ந்திருக்கும், கரண்ட் திரும்பி வர வழியே இருக்காது. மீட்டர் மிகக் கொஞ்சமாகத்தான் கரண்டை இழுக்கும், அதனால் எர்த் மோசமாக இருந்தாலும் அது நல்ல எண்ணையே காட்டும். ஆடு தொடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இதற்கு இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, துத்தநாகம் பூசிய ஆறடி ராடு மூன்றை ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி அடித்து, மூன்றையும் ஒரே கம்பியால் கிளாம்ப் போட்டு இணைப்பது. தண்ணீர் கசிகிற இடம் பார்த்து அடியுங்கள், தொட்டிக்குப் பக்கம், வாய்க்கால் ஓரம், எங்கே கோடையிலும் ஈரம் இருக்குமோ அங்கே. வீட்டு எர்த்தும் மோட்டார் எர்த்தும் இருக்கிற இடத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகியிருக்கட்டும், போர்வெல் பைப்பையோ கட்டுத்தரை இரும்புத் தூணையோ எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது. உப்பும் கரியும் போட்டால் எர்த் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள், உப்பு ராடை அரித்துவிடும், கோடையில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதே மேல்.

இரண்டாவது, நம் மாதிரி காய்ந்த பூமிக்கு இது இல்லாமல் நடக்காது: எல்லாக் கம்பியிலும் கரண்ட் விடாமல், ஒன்று விட்டு ஒன்றை எர்த் ராடோடு இணைத்து எர்த் கம்பியாக விடுங்கள். நாயோ ஆடோ தலையை நுழைத்தால் ஒரே நேரத்தில் லைவையும் (கரண்ட் ஓடுகிற கம்பி) எர்த்தையும் தொடும், மண் காய்ந்திருந்தாலும் அடி முழுசாக விழும். நான் மறுபடி போட்ட வேலியில் ஆறு கம்பி. தரையிலிருந்து 12 சென்டிமீட்டரில் எர்த், 25ல் லைவ், 38ல் எர்த், 53ல் லைவ், 75ல் எர்த், 100ல் லைவ். கீழே இருக்கிற மூன்றும் நாய்க்கும் குட்டிக்கும், மேலே இருக்கிறது மாட்டுக்கு. அடிக்கம்பி எர்த்தாக இருப்பதில் இன்னொரு லாபம், புல் முளைத்து முதலில் அதைத்தான் தொடும், கசிவு இருக்காது. மாடு மட்டும்தான் என்றால் இவ்வளவு வேண்டாம், 80, 90 சென்டிமீட்டரில் ஒன்று, கன்றுக்காக 45ல் ஒன்று, போதும்.

எர்த் போதுமா என்று சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது, செலவே இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு, சாளையிலிருந்து 100 மீட்டருக்கு அப்பால் நாலைந்து இரும்புக் கம்பிகளை மண்ணில் ஊன்றி லைவ் கம்பி மேல் சாய்த்து வையுங்கள், எர்த் கம்பி மேல் படக்கூடாது. மெஷினைப் போட்டால் வேலி வோல்டேஜ் 2,000க்குக் கீழே இறங்க வேண்டும், இறங்காவிட்டால் இன்னும் இரண்டு கம்பியைச் சாயுங்கள். இப்போது மீட்டரின் ஒரு முனையைக் கடைசி எர்த் ராடின் தலையிலும், மறுமுனையை அங்கிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணிலும் வைத்துப் பாருங்கள். 300 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. அதற்கு மேல் காட்டினால் இன்னொரு ராடு அடியுங்கள். இந்தச் சோதனையை மழைக்காலத்தில் செய்து ஏமாறாதீர்கள், பங்குனி கடைசியில் செய்யுங்கள்.

கல், கம்பி, இன்சுலேட்டர்

நாலு ஏக்கர் ஓரளவு சதுரமாக இருந்தால் சுற்றளவு ஏறக்குறைய 510 மீட்டர், ஆறு கம்பிக்கு 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆகும். 2.5 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி கிலோவுக்கு 26 மீட்டர் வரும், அதனால் 120 கிலோ, சேதாரத்தோடு 125 வாங்கலாம். நிலம் கோணல்மாணலாக இருந்தால் கயிறு பிடித்து அளந்துவிடுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி வேண்டாம், சீக்கிரம் தொய்ந்து லைவும் எர்த்தும் ஒட்டிக்கொள்ளும், இழுவிசை தாங்குகிற கம்பியாகக் கேளுங்கள். முள்கம்பியில் கரண்ட் விடவே கூடாது, மாட்டிக்கொண்ட உயிர் அடி வாங்கிக்கொண்டே கிழியும், தரமும் அதைத் தடைசெய்கிறது. ஜிஐ கம்பியோடு செம்புக் கம்பியை முறுக்கி இணைத்தால் அந்த இடம் அரித்துப் போகும், அதையும் செய்யாதீர்கள்.

மூலைக்கல்லில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆறரை அடிக் கல்லை இரண்டடிக்குக் குறையாமல் நட்டு, இரண்டு பக்கமும் முட்டுக்கல் கொடுத்துக் கான்கிரீட் போடுங்கள், ஆறு கம்பியின் இழுப்பும் அதன் மேல்தான். நடுவில் 5 மீட்டருக்கு ஒரு கல், மேடு பள்ளமான இடத்தில் இன்னும் நெருக்கமாக. இன்சுலேட்டருக்குப் பதில் சொட்டுநீர்க் குழாயை வெட்டிச் சுற்றுவதைப் பல காடுகளில் பார்க்கிறேன், முதல் வருஷம் நன்றாகத்தான் இருக்கும், வெயிலில் வெடித்த பிறகு மழை நாளில் ஒவ்வொரு கல்லிலும் கரண்ட் இறங்கும். 100 கல் இருந்தால் 100 இடத்தில் கசிவு, எங்கே என்று தேடியே மாளாது. வெயில் தாங்கும் பிளாஸ்டிக் இன்சுலேட்டர் நடுக்கல்லுக்கும், பீங்கான் மூலைக்கல்லுக்கும் போடுங்கள். எர்த் கம்பிக்கு இன்சுலேட்டர் தேவையில்லை என்றாலும் நான் போட்டிருக்கிறேன், பின்னால் ஈரமான பகுதியில் அதையும் லைவாக மாற்ற வேண்டி வந்தால் எளிது.

கிளுவைக்கு மூன்றடி உள்ளே தள்ளிப் போடுங்கள். ஒரு மழை பெய்தால் கிளுவை எப்படித் தளிர்க்கும் என்று தெரியும்தானே, ஒட்டிப் போட்டால் முழு வேலியும் கிளுவையிலேயே கசிந்துவிடும். இப்படி உள்ளே இருந்தால் வழியில் போகிறவர்கள் கை படவும் வாய்ப்பில்லை. தடம் இருக்கிற பக்கத்தில் 50 மீட்டருக்கு ஒன்றாக மஞ்சள் பலகை, தமிழில் எழுதி, படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி கை படம் போட்டு மாட்டுங்கள். மேலே ஈபி லைன் போனால் அதற்கு இணையாக வேலியைக் கொண்டுபோகாதீர்கள், குறுக்காகத்தான் கடக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரருக்கும் மின்வேலி இருந்தால் இரண்டுக்கும் நடுவே 2.5 மீட்டராவது விடுங்கள், இரண்டையும் ஒரே சமயம் தொட்டால் அந்தத் துடிப்பு இடைவெளி கிடைக்காமல் போய்விடும். ஒரே வேலிக்கு இரண்டு மெஷின் மாட்டக்கூடாது என்பதும் இதனால்தான்.

கடவு, அதாவது உள்ளே போய்வருகிற வழி, இருக்கிற இடத்தில் கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும். வீட்டு ஒயரிங் வயர் ஆயிரம் வோல்ட் சுமாருக்குத்தான் தாங்கும், நம் வேலி 8,000, அதனால் மண்ணுக்குள் போன மறுநாளே கசியும். மின்வேலிக்கென்றே தடித்த உறையோடு வரும் கேபிள் வாங்கி, அதையும் ஒரு பிவிசி குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். மெஷினிலிருந்து வேலி வரை போகும் வயரும் இதே கேபிள்தான். கடவுக்கு இரண்டு பக்கமும், ஒவ்வொரு மூலையிலும் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள், எதற்கென்று கீழே சொல்கிறேன்.

இடி. சித்திரை வைகாசி கோடைமழையில் வருகிற இடி ஒன்றே ஒன்று போதும், மெஷின் கருகிவிடும். இடிதாங்கிக் கிட்டை வேலிக்கும் மெஷினுக்கும் நடுவில் போட்டு, அதற்குத் தனி எர்த் ராடு, மெஷின் எர்த்திலிருந்து தள்ளி அடியுங்கள். வானம் கருக்கும்போது நான் லைவ், எர்த் இரண்டு வயரையும் கழற்றிவிடுவேன்.

ஆட்டுக்கு வேலியைக் காட்டிக் கொடுங்கள்

புது ஆட்டைச் சந்தையிலிருந்து கொண்டுவந்து நேராகக் கொறங்காட்டில் விட்டால், அது கம்பியைப் பார்க்காமல் ஓடி, அடி வாங்கிய பயத்தில் முன்னால் பாய்ந்து வெளியே போய்விடும். மின்வேலி ஆட்டைத் தடுத்து நிறுத்துகிற அளவுக்குக் கெட்டியானது இல்லை, அதன் பயம்தான் அதை நிறுத்துகிறது, அந்தப் பயத்தை மெதுவாகப் பழக்க வேண்டும். பட்டிக்குள் ஒரு மூலையில், பின்னால் கெட்டியான படல் இருக்கிற இடத்தில், அரை மீட்டர் முன்னால் மூன்று கம்பி கட்டிக் கரண்ட் விட்டு, ஆடுகளை ஒரு நாள் முழுக்க அங்கே விடுங்கள். வெள்ளைத் துணிக் கிழிசல்களை அங்கங்கே கட்டினால் மோந்து பார்க்க மூக்கை நீட்டும். மூக்கில் வாங்கினால் பின்னால்தான் குதிக்கும், அதுதான் நமக்கு வேண்டும். மேச்சேரி ஆட்டுக்கு முடி குட்டை என்பதால் உடம்பில் பட்டாலும் அடி நன்றாக உறைக்கும், கம்பளி ஆடாக இருந்தால் மூக்கும் காதும் மட்டும்தான்.

வலையாக வரும் மின்வேலியைக் கொம்புள்ள ஆடுகளுக்குப் போடாதீர்கள். கொம்பு சிக்கினால் ஒவ்வொரு நொடியும் அடி வாங்கிக்கொண்டு கழுத்தை முறுக்கிச் செத்துப்போகும். உள்ளே மேய்ச்சலைப் பிரிப்பதற்குப் பாலிவயர் (மெல்லிய கம்பி சேர்த்துப் பின்னிய பிளாஸ்டிக் கயிறு) இரண்டு இழையும் ஊன்றுகுச்சியும் போதும். நான் நாலு ஏக்கரை நாலாகப் பிரித்து ஒவ்வொன்றாக மேய்க்கிறேன், ஒரு பகுதியில் புல் ஓய்வெடுத்துத் துளிர்க்க நேரம் கிடைக்கிறது, வெள்வேல மரக்கன்றுகளும் தப்பிக்கின்றன.

குழந்தைகளுக்கும் கற்றுக்கொடுங்கள். கையில் பட்டால் சுருக்கென்று போய்விடும், தலையிலோ கழுத்திலோ பட்டால் ஆபத்து, அதனால் கம்பிக்கு அடியில் ஊர்ந்து போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வேலிப் பக்கமே போக வேண்டாம்.

தினமும் ஒரு எண்

வேலிக்கென்று வரும் வோல்ட் மீட்டர் ஒன்று வாங்குங்கள், சாதாரண மல்டிமீட்டரை வைத்தால் அது போய்விடும். காலையில் பட்டி திறக்கும்போது மெஷினிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிற மூலையில் வைத்துப் பார்த்து, சாளைச் சுவரில் தேதியோடு எழுதுவேன். எனக்கு 6,500 வரும். 5,000க்கு இறங்கினால் அன்றைக்கே ஒரு சுற்று நடப்பேன், 4,000க்குக் கீழே போனால் கண்டுபிடிக்காமல் ஆடுகளை அங்கே அடைக்க மாட்டேன், அன்று ராத்திரிக்குப் பழைய பட்டிதான். மாடு மட்டும் என்றால் 3,000 வரை தாங்கும்.

கசிவைத் தேடும்போதுதான் அந்தக் கட்-ஆஃப் சுவிட்சுகள் உதவும். பாதி வேலியைத் துண்டியுங்கள், வோல்டேஜ் ஏறினால் பழுது துண்டித்த பாதியில் இருக்கிறது, ஏறாவிட்டால் இந்தப் பாதியில். அதையும் பாதியாக்குங்கள், இரண்டு மூன்று தடவையில் வேலியின் ஒரு பக்கத்துக்குள் வந்துவிடும். அப்புறம் இருட்டிய பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு மெதுவாக நடந்தால் டக் டக் என்று சத்தம் கேட்கும், நீலப் பொறி தெரியும். பெரும்பாலும் விரிசல் விட்ட இன்சுலேட்டராகவோ, காற்றில் விழுந்த வேலங்குச்சியாகவோ, இன்சுலேட்டரில் ஒட்டிச் செத்த பல்லியாகவோ இருக்கும். மெஷின் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டும், மாதம் ஒரு தடவை வயரைக் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். பேட்டரி முனையில் பூக்கிற வெள்ளைப் பொடியைத் துடைத்து வாசலின் தடவுங்கள், டிஸ்டில்டு வாட்டர் அளவு பாருங்கள், பேனல் மேல் தூசியை வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் வேலிக்கு அடியில் ஒரு முழ அகலத்துக்குப் புல்லை வெட்டிவிட வேண்டும், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. களைக்கொல்லி அடிக்காதீர்கள், அந்தப் புல்லைத்தான் ஆடு மேயப் போகிறது. வெட்டுவதற்கு முன் மெஷினை நிறுத்தி, நிறுத்தியதை மீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, பிறகு அரிவாளை எடுங்கள்.